கோட்டை ஏறிய காலுக்கு வெந்நீர்: மேற்கு ஜப்பானில் ஒரு வார வழி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: டோக்கியோ, கியோட்டோ முடிந்ததும் ஒரு வாரம் கையில் இருக்கிறது. கிராமப்புறத்தில் பழைய கோட்டைகளையும் வெந்நீர் ஊற்று ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட அம்மா வருகிறார், வயது அறுபதுக்கு மேல், சுத்த சைவம். அப்புறம் அந்தக் குளியலில் எல்லார் முன்னாலும் துணியில்லாமல் இறங்க வேண்டுமாமே, உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உண்மைதான். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

கோட்டை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஜப்பானில் 'கோட்டை' என்று படத்தில் நாம் பார்க்கும் அடுக்குக் கூரைக் கட்டடத்துக்குத் தென்ஷு என்று பெயர். இன்று நிற்கும் தென்ஷுகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டுக் கான்கிரீட். ஒசாகா கோட்டையே 1931-இல் கட்டியது, உள்ளே லிஃப்ட் இருக்கிறது. 1615-இல் ஒரு மாநிலத்துக்கு ஒரு கோட்டை போதும் என்று ஷோகுன் எனப்பட்ட ராணுவத் தலைவரின் அரசு உத்தரவிட்டதில் ஏகப்பட்டவை இடிந்தன. 1873-இல், ஷோகுனுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு தேவையற்ற கோட்டைகளை ஒழிக்கச் சொன்னதில் இன்னும் பல போயின. தப்பியவற்றில் நகோயா, ஹிரோஷிமா, ஒகயாமா போன்றவை 1945-இல் போரில் அழிந்தன. ஆக, ஷோகுன் காலத்து மரக்கட்டடமாகவே இன்றும் நிற்கும் தென்ஷுகள் நாடு முழுக்கப் பன்னிரண்டுதான். அவற்றில் ஐந்து தேசியப் பொக்கிஷம்: ஹிமேஜி, மட்சுமோதோ, இனுயாமா, ஹிகோனே, மட்சுவே. கான்கிரீட் கோட்டையைப் பார்ப்பது தவறில்லை, நல்ல அருங்காட்சியகமாக இருக்கும். ஆனால் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மரத்தைப் பாருங்கள்.

நான் ஒசாகாவில் இருந்த வருடங்களில் வந்துபோன உறவினர்களையெல்லாம் ஒரே வழியில்தான் அழைத்துப் போனேன். ஹிமேஜியில் தொடங்கி, வடக்கே மலைகளைத் தாண்டி ஜப்பான் கடல் பக்கம் இறங்கி, கரையோரமாக மேற்கே மட்சுவே வரை போய், ஒகயாமா வழியாகத் திரும்புவது. இது முழுவதும் ரயிலிலேயே முடியும். சன்யோ-சன்இன் பாஸ் என்று ஏழு நாள் ரயில் பாஸ் ஒன்று இருக்கிறது, இந்த வழி முழுக்க அதற்குள் அடங்கும்.

ஹிமேஜியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1609-இல் முடிந்த தென்ஷு, 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காலையில் திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். மேல்மாடிக்கு ஓடுவதற்கு முன் வாசல்களைக் கவனியுங்கள். வழி வளைந்து வளைந்து, சில இடங்களில் தென்ஷுவை விட்டு விலகிப் போவதுபோல் போகும், வாசல்கள் குனிந்து நுழையும் அளவுக்குச் சிறுக்கும். படையெடுத்து வருபவனைக் குழப்பிக் களைப்பாக்கக் கட்டிய வழி அது. அரை நாள் போதும்.

மதியம் பன்தான் ரயில் பாதையில் வடக்கே கிளம்புங்கள். தெராமே நிலையத்தில் மின்சாரப் பாதை முடிந்து சின்ன டீசல் வண்டிக்கு மாற வேண்டும். அந்த வண்டியில் ஏறியதும் பயணத்தின் குணமே மாறிவிடும்: நெல்வயல், தேவதாரு மலை, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், நீங்கள். ஹிமேஜியிலிருந்து ஒன்றரை மணி நேரம் போல ஆகும், தகெதா வரும்.

தகெதாவில் கட்டடம் எதுவும் இல்லை. 353 மீட்டர் உயர மலை உச்சியில் கல் மதில்கள் மட்டும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு. 1600-இல் செகிகஹாரா போருக்குப் பின் கைவிடப்பட்ட கோட்டை. கற்களைச் செதுக்காமல், கிடைத்த வடிவத்திலேயே ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடையாது, நானூறு வருடமாக நிற்கிறது. இணையத்தில் மேகத்தில் மிதக்கும் கோட்டை என்று படம் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். முதல் முறை போனபோது நான் விடியற்காலையில் மூச்சிரைக்கக் கோட்டைக்குள் ஏறி, மிதக்கும் கோட்டையைத் தேடினேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்ததே தவிர கோட்டை எங்கும் மிதக்கவில்லை. மிதக்கும் கோட்டையின் உள்ளே நின்றுகொண்டிருந்தால் எப்படித் தெரியும்? அந்தப் படம் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கத்து மலையில், ரித்சுவுன்கியோ என்ற இடத்திலிருந்து எடுப்பது. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, பகல் வெயிலாகவும் இரவு குளிராகவும் இருந்தால் மறுநாள் விடியலில் மருயாமா ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும். அம்மாவோடு என்றால் இந்த விடியற்கால வேலை வேண்டாம். பகலில் பஸ்ஸில் பாதி மலை வரை போய் மெதுவாக நடந்தாலே கற்களைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் பனிப்பொழிவு காரணமாக மூடிவிடுவார்கள்.

அடுத்து தொயோகா. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இசுஷி என்ற கோட்டை ஊர். கோட்டையில் மிச்சம் கல் மதிலும் அகழியும்தான். ஆனால் ஊரின் தெருவமைப்பு அப்படியே இருக்கிறது, 1871-இல் கட்டிய முரசுக் கோபுரம் பின்னாளில் மணிக்கூண்டாகி நடுவில் நிற்கிறது. இங்கே சாப்பிட வேண்டியது பக்வீட் மாவில் செய்யும் சொபா நூடுல்ஸ். 1706-இல் ஷினானோ பகுதியிலிருந்து சென்கோகு குடும்பப் பிரபுவை இந்த ஊருக்கு மாற்றியபோது, அவர் தன்னோடு சொபா செய்பவர்களையும் கூட்டிவந்தார் என்கிறார்கள். உள்ளங்கை அளவு பீங்கான் தட்டுகள், ஒரு ஆளுக்கு ஐந்து தட்டு கணக்கு. இருபது தட்டு சாப்பிடுகிறேன் என்று பந்தயம் கட்டுபவர்கள் உண்டு. நான் பதினொன்றில் நின்றுவிட்டேன்.

இனி கினொசாகி. இந்தப் பயணத்தில் இரண்டு இரவு தங்க வேண்டிய ஊர் எது என்றால் இதுதான்.

நடுவே ஓத்தானி என்று ஓர் ஆறு. ஆறு என்று மரியாதைக்குச் சொல்வது, அகலமான கால்வாய் அளவுதான் இருக்கும். இரு கரையிலும் வில்லோ மரங்கள், முதுகு வளைந்த கல் பாலங்கள், மர விடுதிகள். ஊரில் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். எந்த ரியோகானில் (மரபு விடுதியில்) தங்கினாலும் ஏழுக்கும் இலவச அனுமதி கொடுப்பார்கள், கூடவே யுகாதா என்ற பருத்தி அங்கியும் கேதா என்ற மரச் செருப்பும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊரே யுகாதாவில் இறங்கிவிடும். அலுவலகக்காரர், பாட்டி, காதலர்கள், அழுகிற குழந்தை எல்லாரும் ஒரே உடையில், கையில் சின்னப் பிரம்புக் கூடையில் துண்டோடு, ஒரு குளியலிலிருந்து அடுத்ததுக்கு நடப்பார்கள். கேதாவின் டக் டக் சத்தம் கல் பாலத்தில் ஏறும்போது ஒருமாதிரி, இறங்கும்போது வேறுமாதிரி. இரவு பத்து மணிக்கு ஜன்னலோரம் படுத்தபடி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த ஊரில் ஒரு சொல்வழக்கு உண்டு: ரயில் நிலையம்தான் வாசல், தெருதான் நடைக்கூடம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியல்கள்தான் குளியலறை, மொத்த ஊரும் ஒரே விடுதி. கேட்க விளம்பர வாசகம் மாதிரி இருக்கிறதல்லவா? இதற்குப் பின்னால் நீண்ட நீதிமன்றச் சண்டை இருக்கிறது. 1925 மே மாத நிலநடுக்கத்திலும் தொடர்ந்த தீயிலும் ஊர் அழிந்தது. திரும்பக் கட்டும்போது ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் அமைக்க முனைந்தது. ஊற்று ஊருக்குப் பொது, வீட்டுக்குள் கொண்டுபோனால் தெருவே செத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். 1927-இல் தொடங்கிய தகராறு 1950-இல்தான் சமரசத்தில் முடிந்தது. விடுதிக்குள் குளியல் வைக்கலாம், ஆனால் சிறியதாக. பெரிய குளியல் பொது இல்லங்களில்தான். இன்றைக்கும் பெரிய விடுதியில் தங்குபவர்கூட நல்ல குளியலுக்கு வெளியே வந்துதான் ஆக வேண்டும். விருந்தினரை உள்ளேயே பூட்டிவைக்கும் பெரிய ஹோட்டல்கள் வந்து தெரு வெறிச்சோடிப்போன ஒன்சென் (வெந்நீர் ஊற்று) ஊர்கள் ஜப்பானில் எத்தனையோ. இந்த ஊர் அந்தக் கதிக்கு ஆளாகாததற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஏழையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேறு. என் தேர்வு இரண்டு. நடு ஊரில் இருக்கும் இச்சினோயு, பாறையைக் குடைந்த குகைக் குளியல் அங்கே இருக்கிறது. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்து மருத்துவர் ககாவா ஷுதோகு இந்த ஊற்றுதான் நாட்டிலேயே முதன்மையானது என்று சொன்னதால் 'முதல் குளியல்' என்று பெயர் வந்தது. இன்னொன்று ஊர்க்கோடியில் உள்ள கோனோயு. காயம்பட்ட நாரை ஒன்று இந்த நீரில் கால் நனைத்து ஆறியதாகக் கதை, பெயருக்கும் நாரைக் குளியல் என்றுதான் பொருள். இந்த நாரைக் கதையில் ஒரு நிஜமும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை 1971-இல் இந்தத் தொயோகா பகுதியில்தான் செத்தது. கூண்டில் வளர்த்துப் பெருக்கி 2005-இல் மறுபடி வெளியே விட்டார்கள். அவற்றுக்காகப் பூச்சிமருந்தைக் குறைத்து நெல் பயிரிடுகிறார்கள். ரயில் ஜன்னலில் வயலைப் பார்த்துக்கொண்டே போங்கள், கருப்புச் சிறகு முனையோடு ஒன்றிரண்டு தென்படும்.

சரி, குளியல் முறை. ஆணும் பெண்ணும் தனித்தனி, ஆனால் உள்ளே துணி கூடாது, நீச்சல் உடைகூடக் கூடாது. செருப்பை வாசலில் விட்டு, லாக்கரில் எல்லாவற்றையும் வைத்து, கைத்துண்டு ஒன்றோடு உள்ளே போக வேண்டும். சுவரோரம் சின்ன முக்காலிகள் இருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு சோப்பு போட்டு நன்றாகக் குளித்து, நுரை போகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு, அழுக்குத் தேய்க்க அல்ல. துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு நிமிடம்தான் கூச்சம், பிறகு சூடு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நீர் 42 டிகிரி அளவில் இருக்கும். இரத்த அழுத்தம் இருந்தால் காலில் தொடங்கி மெல்ல நீர் ஊற்றிப் பழகி, ஐந்து நிமிடம் ஊறி, வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே இறங்கி, உடைமாற்றும் அறையில் பெஞ்சில் படுத்துக் கிடந்த அனுபவம் எனக்கு உண்டு. பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விசிறிவிட்டுப் போனார். பச்சை குத்தியிருந்தால் ஜப்பானின் பல குளியல்களில் விடமாட்டார்கள், கினொசாகியின் பொதுக் குளியல்களில் அந்தத் தடை இல்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்றால் 'கஷிகிரி' வசதியுள்ள விடுதியாகப் பாருங்கள். முக்கால் மணி நேரம் போல உங்களுக்கு மட்டும் ஒரு குளியலறை, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். வேண்டிய துணியோடும் உட்கார விடுவார்களா என்றால் அதற்கும் மாட்டார்கள், ஆனால் பார்க்க யாரும் இல்லை. யுகாதாவில் இடது முனை மேலே வரும்படி அணியச் சொல்லுங்கள். வலது மேலே வந்தால் இறந்தவருக்கு உடுத்தும் முறை, விடுதிப் பாட்டிமார் பதறிப்போய் ஓடிவந்து சரிசெய்வார்கள்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். காய்கறி மட்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்கிய சூப்பிலும் தாஷி இருக்கும், அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. சொபா தொட்டுக்கொள்ளும் குழம்பும் அப்படியே. ரியோகானின் பெருமையே இரவு விருந்துதான், சைவருக்கு அது வீண் செலவு. முன்பதிவு செய்யும்போதே இரவு உணவு இல்லாத அறையாக எடுங்கள். அம்மாவுக்கு வெறும் சாதம், தோஃபு, பழம், கடையில் ஊறுகாய்ப் பிளம் வைத்த ஓனிகிரி சோற்று உருண்டை, கூடவே நீங்கள் கொண்டுபோன பருப்புப் பொடி, தொக்கு. இதில் பருவமும் சேர்கிறது. இந்தக் கரையில் மட்சுபா நண்டுப் பருவம் நவம்பர் 6-இல் தொடங்கி மார்ச் 20 வரை, விடுதி வாடகை ஏறிவிடும். நீங்கள் நண்டு சாப்பிடப் போவதில்லை, பின் எதற்கு அந்த விலை? அக்டோபர் கடைசி வாரம் போங்கள். தகெதாவில் பனிமூட்டமும் இருக்கும், கினொசாகியில் கூட்டமும் குறைவு.

கினொசாகியிலிருந்து மட்சுவே போகும் கரையோரப் பாதை மெதுவானது, தோத்தோரி வரையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாறி மாறி ஏற வேண்டும். அவசரப்படாதீர்கள். நடுவில் அமருபே என்ற மீனவ ஊரின் தலைக்கு மேல், 41 மீட்டர் உயரப் பாலத்தில் ரயில் போகும். 1912-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்திலிருந்து 1986 டிசம்பரில் காற்று ஒரு காலி ரயிலைத் தள்ளிவிட்டது, கீழே இருந்த நண்டு ஆலையில் வேலை செய்த ஐந்து பெண்களும் வண்டியின் நடத்துநரும் இறந்தார்கள். 2010-இல் கான்கிரீட் பாலம் வந்தது. பழைய இரும்புக் கால்களில் சிலவற்றை விட்டுவைத்துப் பார்வை மேடை ஆக்கியிருக்கிறார்கள்.

மட்சுவே கோட்டை எனக்கு ஹிமேஜியைவிடப் பிடிக்கும். ஹிமேஜி வெள்ளை, இது கருப்புப் பலகை. ஹொரியோ யோஷிஹாரு கட்டத் தொடங்கி 1611-இல் முடிந்தது. வாசலில் காலணியைக் கழற்றி வைத்து, சாக்ஸோடு கீழ்த்தளத்தில் நுழைந்தால் முதலில் வருவது ஒரு கிணறு. கோட்டைக்குள்ளேயே, தென்ஷுவின் வயிற்றுக்குள். முற்றுகைக்கு அஞ்சித் தோண்டியது, 24 மீட்டர் ஆழம். அடுத்து தூண்களைத் தொட்டுப் பாருங்கள். பல தூண்களின் மேல் பலகைகளைச் சுற்றி ஒட்டி இரும்புப் பட்டையும் கொக்கியும் அடித்திருப்பார்கள். ஒரே மரத்தூண் அடியிலிருந்து முடி வரை போகாது. இரண்டு மாடி உயரத் தூண்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்திப் பாரத்தைப் பிரித்துவிட்டார்கள். படிக்கட்டு செங்குத்து, ஆனால் இலேசான கிரி மரம். பகைவன் கீழே வந்துவிட்டால் மேலே இழுத்துக்கொள்ளலாம் என்று அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். மேல்மாடியில் நான்கு பக்கமும் திறந்திருக்கும், தென்மேற்கே ஷின்ஜி ஏரி.

1875-இல் இதையும் ஏலத்தில் விட்டார்கள், தென்ஷுவின் விலை 180 யென். கட்சுபே மோத்தோஎமோன் என்ற பணக்கார விவசாயியும் தகாகி கொன்பாச்சி என்ற முன்னாள் சாமுராயும் அதற்கு ஈடான பணத்தைத் திரட்டிக் கட்டி இடிப்பை நிறுத்தினார்கள். பின்னர் 1950-இல் சட்டம் மாறியபோது, கட்டிய ஆண்டுக்குச் சான்றில்லாமல் தேசியப் பொக்கிஷ நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது. 2012-இல் கோட்டை வளாகக் கோயில் ஒன்றில் இரண்டு பழைய வேண்டுதல் பலகைகள் கிடைத்தன, 1611 என்ற ஆண்டோடு. அவற்றின் ஆணித் துளைகள் கீழ்த்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு அச்சாகப் பொருந்தின. 2015-இல் தேசியப் பொக்கிஷம் ஆனது. அந்தத் தூண்கள் இருப்பது கிணற்றுத் தளத்தில்தான், அவசரமாக மேலே ஏறுபவர்கள் பார்க்காமலே போய்விடுவார்கள்.

அம்மாவால் இந்தப் படிகள் ஏற முடியாவிட்டால் அகழிப் படகில் ஏற்றிவிடுங்கள். கோட்டையைச் சுற்றி ஏறத்தாழ 50 நிமிடம். சில பாலங்கள் மிகத் தாழ்வு, படகோட்டி குரல் கொடுத்ததும் கூரையே கீழே இறங்கும், எல்லாரும் முழங்காலோடு தலை சாய்க்க வேண்டும். குளிர்காலத்தில் படகுக்குள் போர்வை போட்ட சூடான மேசையும் உண்டு. வடக்குக் கரையில் லஃப்காடியோ ஹெர்ன் வாழ்ந்த வீடு. 1890-இல் ஆங்கில ஆசிரியராக வந்து, ஊர்ப் பெண்ணை மணந்து, பின்னர் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியரே ஆகிவிட்டவர்.

தங்குவது பக்கத்தில் தமத்சுகுரி ஒன்சென். 733-இல் தொகுத்த இசுமோ நாட்டுக் குறிப்பேட்டிலேயே இந்த நீரில் ஒருமுறை குளித்தால் அழகாவார்கள், மறுமுறை குளித்தால் நோயெல்லாம் தீரும் என்று எழுதியிருக்கிறது. அழகானேனா என்று என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். கினொசாகி போல நடக்கும் ஊர் அல்ல, ஆற்றோரம் இலவசமாகக் கால் நனைக்கும் இடங்கள் நன்றாக இருக்கும்.

திரும்பும்போது யாகுமோ என்ற விரைவு ரயிலில் ஒகயாமா போகும் வழியில் பிச்சூ தகாஹாஷியில் இறங்கலாம். மேலே 430 மீட்டரில் பிச்சூ மட்சுயாமா கோட்டை, தப்பி நிற்கும் பன்னிரண்டு தென்ஷுகளில் மலைக்கோட்டைகளுள் மிக உயரத்தில் இருப்பது. இரண்டே மாடி, உள்ளே ஒரு கணப்பு அடுப்பு. டாக்சி ஏறும் இடத்துக்கு மேல் இருபது நிமிட ஏற்றம் என்பதால் அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் மட்டும் போய்வரலாம், வாசலில் ஒரு பூனை 'கோட்டைத் தலைவர்' பதவியில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு வாரம் கிடைக்காமல் இரண்டே நாள்தான் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஷிகோகு தீவின் மட்சுயாமாவுக்குப் போய்விடுங்கள். பெயர் ஒன்றுதான், ஊர் வேறு. ரோப் காரில் கோட்டை மலை, டிராமில் தோகோ ஒன்சென், அங்கே 1894-இல் கட்டிய மர மாளிகைக் குளியல். நகரம்தான், ஆனால் அம்மாவுக்கு நடையும் குறைவு.

நல்ல சாக்ஸ் நாலு ஜோடி எடுத்துவையுங்கள். மரக் கோட்டைகளில் எல்லாம் காலணி கழற்ற வேண்டும், அக்டோபர் காலையில் அந்தத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், ஓட்டை இருந்தால் மாடி ஏறும்போது பின்னால் வருபவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்.